மோட்டார் நிற்கவில்லை, மணி அடிக்கவில்லை: பழைய பின்பால் மேசையைச் சரிசெய்வது

பின்பால் மேசையின் ஆட்டப்பலகையை, அதாவது பந்து உருளும் பலகையை, முதன்முறை நிமிர்த்திப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உடனே அதை இறக்கி மூடிவிடுவார்கள். துணி சுற்றிய கம்பிகள் மணிக்கட்டுத் தடிமனில் கட்டுக்கட்டாக ஓடும். நடுவே காயில்கள், ஸ்பிரிங்குகள், வரிசை வரிசையாக ரிலேக்கள், எண்ண முடியாத மெல்லிய தகடுகள். நானும் மூடினேன். என் வீட்டு நிலவறையில் இருப்பது 1966இல் சிகாகோவில் செய்த, ஒருவர் மட்டும் ஆடும் மேசை. வாங்கி வந்த அன்று அதில் எரிந்தது ஒரே ஒரு விளக்கு. இரண்டு வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, வேறு வழியில்லாமல் மறுபடி திறந்தேன்.

இதற்குள் சிப் கிடையாது, டிரான்சிஸ்டர் கிடையாது. 1970களின் கடைசியில் மின்னணுப் பலகைகள் இடத்தைப் பிடிக்கும்வரை காட்லீப், வில்லியம்ஸ், பாலி, சிகாகோ காயின் போன்ற சிகாகோ நிறுவனங்களின் மேசைகள் இப்படித்தான் இருந்தன. பந்து ஒரு சுவிட்சைத் தொடுகிறது. சுவிட்ச் ஒரு ரிலேயை, அதாவது மின்சாரம் வந்தால் இழுபட்டு வேறு சுவிட்சுகளை மூடித் திறக்கும் காயிலை, இழுக்கிறது. ரிலே மணியை அடித்து, எண் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துகிறது. உங்கள் புள்ளி என்பது சக்கரம் நின்ற இடம்தான். வேறெங்கும் அது எழுதி வைக்கப்படுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு வருடம் கழித்து வந்தாலும் அதே 1,342 உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். எத்தனையாவது பந்து என்பதும் ஒரு பல்சக்கரம் நிற்கும் நிலைதான்.

கோளாறும் அப்படித்தான். அதற்கு ஓர் இடம் உண்டு. கண்ணுக்குத் தெரியும், பல சமயம் அதற்கு முன்பே காதுக்குக் கேட்டுவிடும். இந்த மேசைகளின் மேல் எனக்குள்ள பிடிப்பில் பாதி ஆட்டத்தால் வந்தது, பாதி இதனால் வந்தது. கீழே வரும் அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வரிசையில் எந்தப் படி வரைக்கும் வந்து நின்றது?

கைவைக்கும் முன்

விளக்குகளுக்குச் சுமார் 6 வோல்ட், காயில்களுக்குச் சுமார் 25 வோல்ட். பாலி மேசைகளில் காயில்களுக்கு 50 வோல்ட் வரை போகும். இவை உயிரை எடுக்காது என்றாலும், சுவரிலிருந்து வரும் கம்பி, டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கம், அதை ஒட்டிய ஃபியூஸ் ஆகிய இடங்களில் இருப்பது முழு மின்சாரம். அமெரிக்க மேசையானால் 120 வோல்ட். 230 வோல்ட் ஊர்களில் இதை நேராகச் சொருகக் கூடாது, குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அங்கே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் மோட்டார் சற்று மெதுவாகச் சுற்றும். அது கோளாறில் சேராது. பழைய மேசைகள் பலவற்றில் இரண்டு முள் பிளக்தான் இருக்கும். முதல் வேலையாக அதை எர்த் உள்ள மூன்று முள் கம்பியாக மாற்றுங்கள்.

ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டால் அடுத்து எரியப்போவது காயில். கம்பித் துண்டைச் சுற்றி வைத்தால் எரியப்போவது வீடு.

கருவிகள் அதிகம் வேண்டாம்: மல்டிமீட்டர், தகடு வளைக்கும் கருவி, மெல்லிய வளையும் அரம், ஆல்கஹால், நல்ல விளக்கு, ஒரு கட்டு விசிட்டிங் கார்டு, ஓர் ஐஸ்கிரீம் குச்சி. கூடாதவையும் உண்டு. உப்புத்தாள் கூடாது; அதன் மணல் துகள் தொடுமுனையில் பதிந்துவிடும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயும் கூடாது. அது தூசியைப் பிடித்துப் பசையாகும். பொறி பறக்கும் இடத்தில் அந்த எண்ணெய் தீயும் பிடிக்கும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான ஒன்று: சுவிட்ச்

பழைய ஸ்கூட்டரில் பாயிண்ட் தேய்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. இரண்டு மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குமிழ். சேர்ந்தால் மின்சாரம் போகும், பிரிந்தால் நிற்கும். மேசையில் நடக்கும் பத்துக் கோளாறுகளில் எட்டு இங்கேதான். ஒன்று அழுக்கு, அல்லது இடைவெளி தவறு.

பெரும்பாலான தொடுமுனைகள் வெள்ளி. அவற்றுக்கு அரத்தை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், பிறகு தகடுகளுக்கு நடுவே கார்டை வைத்து மெல்ல மூடி உருவுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழுவது நிற்கும்வரை உருவலாம். அதற்கு மேல் தேய்ப்பவர் வெள்ளியைத்தான் தேய்க்கிறார். இடைவெளி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். மூடும்போது முனைகள் தொட்டதோடு நில்லாமல் சிறிது உரசிக்கொண்டு தள்ளிப்போக வேண்டும். அந்த உரசல்தான் நாளடைவில் முனையைத் தானே சுத்தமாக வைத்திருக்கும்.

தகட்டை வளைக்கும் முன் அடியிலுள்ள திருகுகளை இறுக்குங்கள். ஐம்பது அறுபது வருடத்தில் திருகு தளர்ந்திருக்கும். தளர்ந்த சுவிட்சை அழகாக வளைத்து வைத்துவிட்டு அப்புறம் திருகை இறுக்கினால், செய்த வேலை எல்லாம் போய்விடும். நான் முதல் மாதம் முழுக்கச் செய்தது இதைத்தான்.

அறிகுறி: உயிரே இல்லை

சுவரிலிருந்து உள்ளே நடந்து வாருங்கள். பிளக், கம்பி, ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாமல் கழற்றி மீட்டரில் வையுங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்து அதைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்திருப்பதும் உண்டு. தொட்டுப் பார்த்தால் சுடும். அடுத்து, அடிப்பெட்டியையும் தலைப்பெட்டியையும் இணைக்கும் பல முள் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். முட்கள் கறுத்திருந்தால் தேய்த்து, திரும்பச் சொருகி, இரண்டு மூன்று முறை ஆட்டிவிடுங்கள்.

ஒரு விஷயம் சொல்லாவிட்டால் நாள் கணக்கில் தேடுவீர்கள். சில பழைய மேசைகளைச் சொருகியதும் எதுவும் எரியாது. இடது ஃபிளிப்பர் (பந்தைத் திருப்பி அடிக்கும் துடுப்பு) பொத்தானை ஒருமுறை அழுத்தினால்தான் விழிக்கும். அதையும் அழுத்திப் பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள்.

அறிகுறி: விளக்குகள் எரிகின்றன, ஆட்டம் தொடங்கவில்லை

தொடங்கு பொத்தானை அழுத்தும்போது 'டக்' என்று ஏதாவது ரிலே இழுபடுகிறதா? காதைப் பெட்டிக்குள் வைத்துக் கேளுங்கள்.

சத்தமே இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது, இருப்பில் ஆட்டம் இருக்கிறதா என்பதை. இருப்பு எண் பூஜ்யத்தில் இருந்தால் பொத்தான் வேலை செய்யாது, செய்யவும் கூடாது. காசுச் சுவிட்சை விரலால் தட்டி ஓர் ஆட்டம் ஏற்றுங்கள். எண் ஏறியும் பொத்தானுக்குப் பதில் இல்லையென்றால், இருப்புச் சக்கரத்தின் பூஜ்யச் சுவிட்ச் சந்தேகத்துக்குரியது. அதற்கடுத்தது பொத்தானின் சுவிட்சே. காசுக்கதவில் இருக்கும் உதைச் சுவிட்சையும் மறக்க வேண்டாம். யாராவது கதவை எட்டி உதைத்தால் ஆட்டத்தைக் கொல்வதற்காக வைத்தது அது. பல வருடம் முன்பு வாங்கிய உதையில் வளைந்து இன்னும் கொன்றுகொண்டே இருக்கலாம்.

ரிலே இழுபட்டு, விட்டவுடன் விழுந்துவிடுகிறது என்றால் பொத்தான் நன்றாக இருக்கிறது. தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும் சுவிட்ச் அந்த ரிலேயிலேயே ஒன்று உண்டு, அதைச் சுத்தம் செய்யுங்கள். எந்த ரிலே எது என்பதைப் பக்கத்தில் ஒட்டிய காகிதச் சீட்டு சொல்லும். சீட்டு உதிர்ந்திருந்தால் மின்சுற்று வரைபடத்தில் கம்பியின் நிறத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். சாயம் வெளுத்த துணிக்கம்பியில் வெள்ளையா மஞ்சளா என்று கண்டுபிடிக்க, நகத்தால் கட்டைப் பிளந்து வெளிச்சம் படாத பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கிறது

இந்த மேசைகளில் இதைவிடப் பிரபலமான கோளாறு கிடையாது. இதை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் மேசை முழுவதும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

அடிப்பெட்டிக்குள் ஒரு மோட்டார், அதன் அச்சில் பள்ளமும் மேடுமாகத் தட்டுகள், தட்டுகளைச் சுற்றி அடுக்கடுக்காகச் சுவிட்சுகள். கோயில் நாதஸ்வரத்துக்குத் தாளம் போடுகிறவரைப் போல, ஒன்றுக்கு மேற்பட்ட அடிகள் தேவைப்படும் எல்லாவற்றுக்கும் இந்த மோட்டார்தான் கணக்காக அடி கொடுக்கிறது. காட்லீப் மேசைகளில் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். புது ஆட்டம் தொடங்கும்போது தொடக்க ரிலே இழுபட்டு, மோட்டாரை ஓடவிடுகிறது. மோட்டாரின் ஒவ்வொரு அடிக்கும் எண் சக்கரங்கள் ஒவ்வொரு பல்லாக நகர்கின்றன. பூஜ்யத்துக்கு வந்த சக்கரம் தன் பூஜ்யச் சுவிட்சைத் திறந்து, 'எனக்குப் போதும்' என்று ஒதுங்கிக்கொள்ளும். எல்லாச் சக்கரமும் ஒதுங்கியபின்தான் தொடக்க ரிலே விழும், மோட்டார் நிற்கும்.

ஆகவே மோட்டார் நிற்கவில்லை என்றால் மோட்டாரைப் பார்க்காதீர்கள். ஏதோ ஒரு சக்கரம் இன்னும் 'போதும்' சொல்லவில்லை. தலைப்பெட்டியைத் திறந்து சக்கரங்களைப் பாருங்கள். நான்கு விதமாக இருக்கும்.

ஒரு சக்கரம் 7இல் நின்று, ஒவ்வோர் அடிக்கும் துடிக்கிறது, நகரவில்லை. மின்சாரம் வருகிறது, உடம்புதான் சரியில்லை. உள்ளே பழைய கிரீஸ் கெட்டியாகி அரக்குபோல் ஆகியிருக்கும். தொழிற்சாலையில் வைத்ததோ, பின்னர் நல்லெண்ணத்தோடு யாரோ வைத்ததோ தெரியாது. கழற்றி, ஆல்கஹாலில் துடைத்து, காயவைத்து, எண்ணெய் இல்லாமலே மாட்டுங்கள். இழுத்துவிடும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, பல்லைத் தள்ளும் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒரு சக்கரம் 7இல் நிற்கிறது, துடிப்பும் இல்லை. மின்சாரம் வரவில்லை. பூஜ்யச் சுவிட்ச் அழுக்கு, அல்லது காயிலின் மெல்லிய கம்பி முனையில் அறுந்திருக்கிறது. கழுத்தில் அறுந்த கம்பியைச் சுரண்டி ஈயம் வைத்தால் காயில் பிழைக்கும்.

ஒரு சக்கரம் பூஜ்யத்தைத் தாண்டி 1, 2 என்று சுற்றிக்கொண்டே போகிறது. பூஜ்யச் சுவிட்ச் திறக்கவில்லை. தகட்டை மயிரிழை வளைத்தால் போதும்.

எல்லாம் பூஜ்யம், ஆனாலும் மோட்டார் ஓடுகிறது. கொஞ்சம் தொல்லை. ஓடும்போது எந்த ரிலே இழுபட்டபடி இருக்கிறது என்று பாருங்கள். தொடக்க ரிலே என்றால், சக்கரம் காட்சிக்குப் பூஜ்யத்தில் இருந்தும், அந்த ரிலேயைப் பிடித்துவைக்கும் பூஜ்யச் சுவிட்சுகளில் ஒன்று திறக்காமல் இருக்கிறது; ஒவ்வொன்றாகக் கார்டு விட்டுப் பாருங்கள். வேறு ரிலே என்றால், அதை இழுக்கும் ஆட்டப்பலகைச் சுவிட்ச் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த ரிலேயும் இல்லையென்றால்தான் மோட்டாரின் சொந்த நிறுத்தச் சுவிட்சைச் சந்தேகிக்கலாம்.

என் மேசையில் இருந்தது இரண்டாவது வகை. பத்துகளின் சக்கரத்துக் காயிலின் கம்பி, தலைமுடியைவிடச் சற்றே தடிமன், ஈய முனைக்கு ஒரு நெல்மணி தூரத்தில் அறுந்து, அறுந்தது தெரியாதபடி தொட்டுக்கொண்டு இருந்தது. ஈயம் வைக்க ஒரு நிமிடம். கண்டுபிடிக்க நான்கு மாலைகள். மோட்டார் முதன்முறையாகத் தானாக நின்றபோது அந்த அமைதியை நம்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அறிகுறி: புள்ளி ஏறவில்லை, அல்லது தவறாக ஏறுகிறது

பந்து இலக்கைத் தொட்டும் மணியும் இல்லை, எண்ணும் இல்லையென்றால் ஆட்டப்பலகைச் சுவிட்ச். மணி அடித்து, எண் ஏறவில்லையென்றால் சக்கரம். எண் ஏறி, மணி அடிக்கவில்லையென்றால் மணிக்காயிலின் தண்டு பிசுக்கில் மாட்டியிருக்கிறது. இவ்வளவையும் மூடியைத் திறக்காமலே பிரித்துவிடலாம்.

9க்குப் பிறகு 0 வந்து, அடுத்த சக்கரம் நகரவில்லையென்றால், 9ஆம் இடத்தில் மட்டும் மூடும் சுவிட்ச் ஒன்று அந்தச் சக்கரத்தில் உண்டு. அதுதான் அடுத்தவனைக் கூப்பிட வேண்டியது.

50 புள்ளி இலக்கு 40 கொடுக்கிறதா? மோட்டார் ஐந்து அடி கொடுக்க வேண்டும். சக்கரம் நான்கைத்தான் வாங்கிக்கொண்டது. மணியை எண்ணுங்கள். மணியும் நான்கே அடித்தால் குற்றவாளி மோட்டார்த் தட்டுச் சுவிட்ச். மணி ஐந்து, எண் நான்கு என்றால் சக்கரம் சோம்பல்.

ஒன்று மட்டும் அவசரம். சக்கரக் காயில் இழுத்த இழுப்பில் நின்று, 'ங்ங்ங்' என்று உறுமினால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். சக்கரம் தன் இழுப்பை முடித்ததும் ஒரு சுவிட்சைத் திறந்து புள்ளி ரிலேயை விடுவிக்க வேண்டும். அது திறக்காவிட்டால் ரிலே பிடித்த பிடியை விடாது, காயில் வெந்துவிடும். கருகல் வாசனை வந்தபின் யோசிக்க நேரமில்லை.

அறிகுறி: ஃபிளிப்பருக்கு வலு இல்லை

1947இல் காட்லீப் வெளியிட்ட ஹம்டி டம்டி மேசையில் ஹாரி மேப்ஸ் முதன்முதலாக ஃபிளிப்பரை வைத்தார். பக்கத்துக்கு மூன்றாக ஆறு. அதற்கு முன் பந்து விழும் பாதையில் ஆடுபவருக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை; மேசையைத் தட்டுவதும் ஆட்டுவதும்தான். 1948இல் ஸ்டீவ் கோர்டெக் இரண்டே ஃபிளிப்பர்களைப் பலகையின் கீழ்க்கோடியில், ஆடுபவருக்கு அருகே வைத்தார். இன்றுவரை அந்த இடம்தான் நிலைத்திருக்கிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபிளிப்பர் சரியில்லாத மேசை, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், 1946க்குப் போய்விட்ட மேசைதான்.

ஃபிளிப்பர் காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. தடித்த கம்பிச் சுற்று அடிக்கும் வலுவைத் தருவது. மெல்லிய கம்பிச் சுற்று, மேலே போனபின் அங்கேயே தாங்கிப் பிடிப்பது. பொத்தானை அழுத்தும்போது தடித்த சுற்றுக்கு மட்டும் மின்சாரம் பாய்கிறது. வீச்சு முடியும் இடத்தில் ஒரு சுவிட்ச் திறந்து மெல்லிய சுற்றையும் வழியில் சேர்க்கிறது. மின்சாரம் குறைந்து காயில் சூடாகாமல் தப்பிக்கிறது. இந்த ஒரு சுவிட்சைப் புரிந்துகொண்டால் ஃபிளிப்பரின் நோய்கள் எல்லாம் வாசிக்கக்கூடியவை.

தொடக்கத்திலிருந்தே மெதுவாக, தயங்கித் தயங்கி எழும் ஃபிளிப்பர்: அந்தச் சுவிட்ச் அழுக்கு, ஆகவே முதலிலிருந்தே மின்சாரம் மெல்லிய சுற்று வழியாகப் போகிறது. இங்கே தொடுமுனை பெரும்பாலும் டங்ஸ்டன். வெள்ளிக்கு உதவும் மென்மையான அரம் இதைத் தொடக்கூட முடியாது. நல்ல இரும்பு அரம் வேண்டும். பொத்தானுக்குப் பின்னாலுள்ள சுவிட்சையும் அதே கையோடு தேயுங்கள்.

எழுந்து, பொத்தானைப் பிடித்திருக்கும்போதே 'தடதட'வென்று நடுங்கும் ஃபிளிப்பர்: மெல்லிய சுற்று அறுந்திருக்கிறது. மேலே போகிறது, சுவிட்ச் திறக்கிறது, பிடிக்க ஆள் இல்லை, விழுகிறது, சுவிட்ச் மூடுகிறது, மறுபடி எழுகிறது. கம்பி அறுவது பெரும்பாலும் முனையில்தான், ஈயம் வைத்துப் பாருங்கள்.

நன்றாக அடிக்கிறது, ஆனால் காயில் கை வைக்க முடியாத சூடு: சுவிட்ச் திறக்கவில்லை. வீச்சு முடிவில் சுமார் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டு ஆடாதீர்கள்.

சுவிட்சுகள் எல்லாம் சுத்தம், ஆனாலும் வலு இல்லையென்றால், இனி மின்சாரத்தை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள். தண்டின் நுனி லட்சக்கணக்கான முறை மோதிக் காளான்போல் விரிந்திருக்கும், உறைக்குள் உரசும். அரத்தால் விளிம்பைத் தேயுங்கள், உறையைப் புதிதாக மாற்றுங்கள், இணைப்புத் துண்டு ஆடுகிறதா என்று பாருங்கள். உறைக்குள் எண்ணெய் விடவே கூடாது. முதல் வாரம் பறக்கும், அடுத்த மாதம் ஒட்டும்.

இரண்டு ஃபிளிப்பர்களும் ஒரே நேரத்தில் செத்திருந்தால் ஃபிளிப்பர்களைத் தொடாதீர்கள். அவற்றுக்குப் போகும் மின்சாரம் ஆட்டமுடிவு ரிலே, டில்ட் ரிலே (மேசையைப் பலமாக ஆட்டினால் ஆட்டத்தை நிறுத்துவது) வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒரு சுவிட்சுக்குக் கார்டு விட்டால் போதும்.

புது மேசைகளில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு சொல்: 1966இன் ஃபிளிப்பர் இரண்டு அங்குல நீளம்தான். மூன்று அங்குலம் 1968இலிருந்துதான் வந்தது. எல்லாம் சரிசெய்த பின்னும் நடுவில் அகலமான பள்ளம் இருப்பது போல் தோன்றினால், அது அப்படித்தான்.

அறிகுறி: பம்பர் தானாகச் சுடுகிறது

பம்பர் என்பது பந்து தொட்டதும் அதை உதைத்துத் தள்ளும் வட்டத் தூண். பந்து பக்கத்தில்கூட இல்லை, ஆனால் அது படபடவென்று அடிக்கிறது. பம்பரின் பாவாடைத் தட்டுக்கு அடியில் கரண்டி வடிவக் கிண்ணம் ஒன்று, அதில் பாவாடையின் கூர்முனை உட்கார்ந்திருக்கும். பந்து பாவாடையைச் சாய்த்தால் கிண்ணம் இறங்கிச் சுவிட்ச் மூடும். இடைவெளி குறைவாக இருந்தால் அருகிலுள்ள காயிலின் அதிர்வே போதும். கிண்ணத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, சுவிட்சைச் சற்று விலக்குங்கள். பலகையை நிமிர்த்தி வைத்த நிலையில் சரிசெய்தால் பாவாடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கணக்குத் தவறும். இறக்கிவைத்து, பந்தை விரலால் உருட்டிச் சோதியுங்கள்.

அறிகுறி: தொடங்கியதுமே டில்ட்

உள்ளே இடப்பக்கம் ஒரு வளையமும், அதற்கு நடுவே கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு குண்டும் தொங்கும். மேசையைப் பலமாக ஆட்டினால் குண்டு வளையத்தைத் தொடும், ஆட்டம் போகும். ஏமாற்றுபவர்களைப் பிடிக்க இந்த டில்ட் யோசனையை 1930களில் கொண்டுவந்தவர், பிறகு தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய ஹாரி வில்லியம்ஸ். மேசையை இடம் மாற்றியபின் கால் உயரத்தைச் சரிபார்க்காவிட்டால் குண்டு நிரந்தரமாக வளையத்தில் சாய்ந்துகொள்ளும். ரசமட்டம் வைத்து இடவலமாகச் சமன்படுத்தி, குண்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பக்கத்திலேயே சாய்வான தண்டவாளத்தில் ஒரு சிறு குண்டு உருளும் டில்ட்டும் இருக்கலாம். முன்காலைத் தூக்குபவர்களுக்கானது அது.

அறிகுறி: பந்து எண் ஏறவில்லை

பந்து விழுகிறது, திரும்பி வருகிறது, ஆனால் இன்னும் முதல் பந்து என்றே காட்டுகிறது. திறக்கும் முன் ஓர் ஆட்டம் கவனியுங்கள். பல மேசைகளில், பந்து ஒரு புள்ளியும் எடுக்காமல் விழுந்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. 1966இன் பொறியாளர்களின் பெருந்தன்மை அது. புள்ளி எடுத்தும் ஏறவில்லையென்றால்தான் பந்துக் கணக்குச் சக்கரத்தைப் பாருங்கள். செம்புக் கால்கள் சுழன்று பித்தளைக் குமிழ்களைத் தொடும் தட்டு அது. குமிழ்களில் கறுப்பு படிந்திருக்கும், அச்சில் கிரீஸ் உறைந்திருக்கும். சுத்தம் செய்தபின் கால்கள் குமிழ்களின் மேல் நேராக நிற்கின்றனவா, இரண்டுக்கும் இடையில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அறிகுறி: எவ்வளவு எடுத்தாலும் இலவச ஆட்டம் தருவதில்லை

கோளாறாக இல்லாமல் சட்டமாக இருக்கலாம். இலவச ஆட்டம் என்பது பணமதிப்புள்ள பரிசு, ஆகவே சூதாட்டம் என்று அமெரிக்காவின் சில பகுதிகள் கருதின. நியூயார்க் நகரம் 1942இல் மேயர் லாகார்டியா காலத்தில் பின்பாலையே தடைசெய்து, பறிமுதல் செய்த மேசைகளைச் சம்மட்டியால் உடைத்தது. இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை என்று 1976இல் நகரமன்றக் குழுவின் முன் பத்திரிகை எழுத்தாளர் ரோஜர் ஷார்ப் ஆடிக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது. இலவச ஆட்டம் கூடாத இடங்களுக்காக, அதற்குப் பதில் கூடுதல் பந்து தரும் மேசைகளைக் காட்லீப் 1960இல் தொடங்கியது. முதல் மேசையின் பெயரே ஃபிளிப்பர். உங்கள் மேசையின் கண்ணாடியில் இருப்பு எண் காட்டும் சாளரமே இல்லையென்றால், மீதிப் பந்துகளின் எண்ணிக்கை பத்து வரை விளக்கில் எரியும் என்றால், உங்களிடம் இருப்பது அந்த வகை.

சாளரம் இருந்தும் தரவில்லையென்றால், பரிசுப் புள்ளியை நிர்ணயிக்கும் சிறு பிளக்குகள் தலைப்பெட்டிக்குள் இருக்கும். முன்பு வைத்திருந்தவர் கஞ்சராக இருந்திருக்கலாம். கொடுத்தபோது கட்டையில் 'டொக்' என்று ஓர் அடி கேட்க வேண்டும். எண் ஏறி, அந்த அடி கேட்கவில்லையென்றால் அதற்கென இருக்கும் காயிலைத் தேடிச் சரிசெய்யுங்கள். இந்தச் சத்தம் இல்லாத பரிசு பரிசே இல்லை.

அறிகுறி: எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் ஆட்டம் மந்தம்

ரப்பர் வளையங்களை மாற்றுங்கள். பலகையைத் துடைத்து மெழுகு போடுங்கள். பந்து கீறியிருந்தால் புதிது வாங்குங்கள். 27 மில்லிமீட்டர், 80 கிராம், விலையும் சொற்பம். கீறிய பந்து பலகையை உப்புத்தாள்போல் தேய்க்கும். சாய்வு சுமார் மூன்றரை டிகிரி. புது மேசைகளுக்குச் சொல்லும் ஆறரை டிகிரியை இதற்கு வைத்தால் பாவம் ஃபிளிப்பர் திணறும். விளக்குகளில் 44 எண் பல்புக்குப் பதில் 47 போடுங்கள். 250 மில்லியாம்பியருக்குப் பதில் 150தான் இழுக்கும், கண்ணாடி ஓவியம் சூட்டில் உரிவது குறையும். பல்ப் மினுக்கினால் பல்பைத் திட்டாமல் அதன் குழியைச் சுரண்டுங்கள்.

என் மேசையில் இன்னும் ஒரு கோளாறு மிச்சம் இருக்கிறது. 50 புள்ளி இலக்கு சில நாட்களில் 40 கொடுக்கிறது. மணியை எண்ணினேன்: ஐந்து. எனவே சக்கரம். கழற்றிச் சுத்தம் செய்தேன், ஸ்பிரிங் மாற்றினேன், சரியானது, அடுத்த ஜனவரியில் திரும்ப வந்தது. குளிர்காலக் காலையில், சூடேறாத நிலவறையில் மட்டும், முதல் ஆட்டத்தில் மட்டும். இரண்டாவது ஆட்டத்துக்குள் காயில் தானே சூடாகி, எங்கோ நான் துடைக்காமல் விட்ட ஒரு துளி கிரீஸும் இளகி, கணக்குச் சரியாகிவிடுகிறது. அச்சுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது அது. சக்கரம் முழுவதையும் பிரித்தால்தான் எட்டும். இதுவரை பிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஜனவரி மாதத்தின் முதல் ஆட்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.